எனக்குப் பிறகு உனக்கு!

உங்கள் வீட்டு பீரோவில் ஒரு பத்திரக் கட்டு இருக்கும். மஞ்சள் துணியில் சுற்றி, நகைப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பீர்கள். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்பவர்களும் உண்டு. ஆனால் சகோதரிகளே, அந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு தடவையாவது வாசித்திருக்கிறீர்களா?

"அதெல்லாம் வக்கீல் பாஷை. நமக்கு எங்கே புரியப் போகிறது? சொத்து யாருக்கு என்று தெரிந்தால் போதாதா?" என்பீர்கள்.

போதாது. சொத்து "யாருக்கு" என்பது பாதி விஷயம்தான். அது "எப்போது" அவருக்குச் சொந்தமாகிறது என்பது மறு பாதி. இந்த மறு பாதியைக் கவனிக்காமல் விட்டதால் அண்ணன் தங்கை பேச்சு வார்த்தை நின்று போன குடும்பங்கள் எத்தனையோ! தாயை இழந்த குழந்தைகள் தாத்தா வீட்டு வாசற்படியில் அந்நியர்களாக நிற்பதும் இதனால்தான். அந்த மறு பாதியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

பேச்சுக்கு நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். காரணம் இருக்கிறது. நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு அகலமான சாலையும், மர நிழலும், தோட்டம் சூழ்ந்த குவார்ட்டர்ஸும் பழகிப் போனவை. அம்மா நட்ட முருங்கை, அப்பா வைத்த மா எல்லாம் அங்கேயே இருக்கும். ஆனாலும் அந்த வீடு சொந்த வீடு அல்ல, கம்பெனி வீடு. உத்தியோகம் உள்ள வரைக்கும் குடியிருக்கலாம். ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அதை உயிலில் எழுதி வைக்க முடியாது. ஆகவே, பிராவிடண்ட் பண்ட் பணத்தையும் கிராஜுவிட்டியையும் சேர்த்து, வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ பண்ருட்டியிலோ ஒரு மனை வாங்கி வீடு கட்டுகிறார்கள். முப்பது வருஷ உழைப்பு அந்த ஒரே வீட்டில் அடங்கியிருக்கிறது. அந்த வீட்டுக்கு ஒரு பத்திரம் எழுதும்போது ஒரு வார்த்தை பிசகினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சொத்துச் சட்டத்தின் இந்தச் சிக்கலான பகுதியை விளக்க நெய்வேலி மண்ணே நல்ல உதாரணம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறத்தில் ஏதோ வெளிப்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி என்று பிற்பாடு தெரிந்தது. பல இடங்களில் துளை போட்டுப் பார்த்து, அடியில் நிலக்கரி இருப்பதை நிச்சயம் செய்துகொண்டார்கள். 1956-ல் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். ஆனால் நிலக்கரி முகம் காட்டியது எப்போது தெரியுமா? 1961 ஆகஸ்டில்! நாலு வருஷம் மேல்மண்ணை அகற்றி, அடியிலிருந்து பொங்கிய ஊற்று நீரை இறைத்துத் தள்ளிய பிறகுதான்.

அந்த நாலு வருஷமும் நிலக்கரி இல்லாமலா இருந்தது? இருந்தது. கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். மேல்மண் போக வேண்டும். போனால் நிச்சயம் கிடைக்கும். சட்டத்தில் இப்படிப்பட்ட உரிமைக்கு "வெஸ்டட்" உரிமை என்று பெயர். நாம் அதைச் சேர்ந்துவிட்ட உரிமை என்று சொல்லலாம். உரிமை இன்றே சேர்ந்துவிட்டது. அனுபவம்தான் பின்னால் வரும்.

முதன்முதலில் கிணறு வெட்டும் விவசாயியை நினைத்துக் கொள்ளுங்கள். "தண்ணீர் வந்தால் கரும்பு வைக்கலாம்" என்று வெட்டுகிறார். வரலாம், வராமலும் போகலாம். ஒரு சம்பவம் நடந்தால்தான் உரிமை, நடக்காவிட்டால் இல்லை என்பது இரண்டாவது வகை. இதற்குச் சட்டத்தில் "கன்டிஞ்ஜென்ட்" உரிமை என்று பெயர். நமக்கு அது நிபந்தனையில் தொங்கும் உரிமை.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 19-ஆவது பிரிவு முதல் வகையைச் சொல்கிறது. 21-ஆவது பிரிவு இரண்டாவதைச் சொல்கிறது. கட்டாயம் நடந்தே தீர வேண்டிய ஒரு சம்பவத்துக்குப் பிறகு சொத்து உனக்கு என்று எழுதினால் அது சேர்ந்துவிட்ட உரிமை. நடக்குமோ நடக்காதோ என்ற சம்பவத்தைச் சொல்லி, அது நடந்தால் உனக்கு என்று எழுதினால் அது தொங்கும் உரிமை.

மனித வாழ்வில் கட்டாயம் நடந்தே தீரும் சம்பவம் எது? சொல்லவும் வேண்டுமா? மரணம்தான். ஆகவே "என் காலத்துக்குப் பிறகு", "என் மனைவி காலத்துக்குப் பிறகு" என்று எழுதுவது நிச்சயமான சம்பவத்தைக் குறிப்பிடுவதாகும். தேதிதான் தெரியாது. கல்யாணம், குழந்தைப் பேறு, பரீட்சையில் தேறுவது, வெளியூர்ப் பிள்ளை திரும்பி வந்து குடியேறுவது இவையெல்லாம் நிச்சயமில்லாதவை.

இதனால் வீட்டில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? பாருங்கள்.

வடலூரில் வீடு கட்டிய ஒரு நெய்வேலித் தகப்பனார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை. அவர் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறார். அதில், "என் ஜீவிய காலம் வரை நானும், எனக்குப் பின் என் மனைவியும் மேற்படி வீட்டை ஆண்டனுபவித்துக் கொண்டு, எங்களிருவர் காலத்துக்குப் பின் என் மக்கள் மூவரும் சமபாகமாய், சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது" என்று இருக்கிறது. பெரியவர் காலமாகிறார். பாட்டியம்மாள் வீட்டில் இருக்கிறார். அந்தச் சமயத்தில் விதி விளையாடுகிறது. மூத்த பெண் தாயாருக்கு முன்னால் போய்விடுகிறாள். கணவனையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டு.

சில வருஷம் கழித்துப் பாட்டியும் கண்ணை மூடுகிறார். இப்போது பேச்சு ஆரம்பமாகிறது.

"அக்காதான் இல்லையே! அம்மா இருக்கும்போதே போய்விட்டாள். அவள் கைக்கு வீடு வரவேயில்லை. வராத சொத்தில் அவள் பிள்ளைகளுக்கு என்ன பாகம்? இனி நாம் இரண்டு பேர்தான்" என்கிறான் தம்பி. கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கிறது.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பத்திரம் அமலுக்கு வந்த அன்றே மூத்தவளுக்கு மூன்றில் ஒரு பாகம் சேர்ந்துவிட்டது. பாட்டியின் ஜீவிய காலம் என்பது மேல்மண் மாதிரி. அடியில் இருப்பதை அது இல்லாமல் செய்துவிடாது. சொத்து கைக்கு வருமுன் அவள் இறந்துவிட்டதால் சேர்ந்துவிட்ட உரிமை அழிந்து போகாது என்று 19-ஆவது பிரிவு ஸ்பஷ்டமாகவே சொல்கிறது. அந்த மூன்றில் ஒரு பாகம் அவளுடைய வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் கணவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் அதில் சம பங்கு. மொத்த வீட்டில் ஆளுக்கு ஒன்பதில் ஒன்று! மாப்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை.

இப்போது அதே பத்திரத்தில் இரண்டே வார்த்தைகளைச் சேர்த்துப் பாருங்கள். "எங்களிருவர் காலத்துக்குப் பின், அச்சமயம் ஜீவித்திருக்கும் என் மக்கள் சமபாகமாய் அடைய வேண்டியது."

"அச்சமயம் ஜீவித்திருக்கும்." இரண்டு சொற்கள்தான். பத்திரம் எழுதுகிறவர் பழக்கத்தில் எழுதிவிடுகிறார். காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் முடிவு தலைகீழ்! பாட்டி காலமாகும்போது யார் உயிரோடிருப்பார்கள் என்பது நிச்சயமில்லாத விஷயம். ஆகவே மூன்று பேருக்கும் தொங்கும் உரிமைதான். மூத்தவள் முன்னால் போய்விட்டதால் அவளுக்கு எதுவும் சேரவில்லை. அவளுக்குச் சேராதது அவள் குழந்தைகளுக்கும் வராது. தம்பி சொன்னது இப்போது சரியாகிவிடும்.

தாத்தா அப்படித்தான் நினைத்தாரா? தாயில்லாப் பேரக் குழந்தைகளை ஒதுக்க வேண்டும் என்று எந்தத் தாத்தா நினைப்பார்? அவர் மனசு ஒன்று, பத்திரத்தின் வார்த்தை ஒன்று. கோர்ட்டு பத்திரத்தைத்தான் பார்க்கும். பத்திரம் முழுவதையும் சேர்த்துப் படித்து, எழுதியவர் கருத்து எது என்று பார்ப்பதுதான் முறை என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமிருந்தால், உரிமை சேர்ந்துவிட்டது என்ற பக்கமே கோர்ட்டுகள் சாய்வதும் வழக்கம். ஆனால் வார்த்தையே தெளிவாக இருந்துவிட்டால் சாய்வதற்கு இடம் ஏது?

இங்கே உயிலுக்கும் செட்டில்மென்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். செட்டில்மென்ட் பத்திரத்தில் உரிமை அப்போதே பிறந்துவிடுகிறது. எழுதியவர் மனசு மாறினாலும் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. "உயிர் உள்ள வரை நானே அனுபவிப்பேன், வாடகையும் வாங்கிக்கொள்வேன்" என்று எழுதி வைத்துக்கொண்டு கொடுத்த தானமும் செல்லும் என்று 2014-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. உயிலோ, எழுதியவர் இறந்த பிறகுதான் பேசும். அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அதாவது, உயிலின்படி உரிமை சேரும் நாள், உயில் எழுதியவர் இறந்த நாள். அந்த நாளில் மகள் உயிரோடு இருந்தால் போதும். அதற்குப் பின் பாட்டிக்கு முன்னால் அவள் இறந்தாலும் பாகம் போகாது.

தகப்பனாருக்கே முன்னால் மகள் இறந்துவிட்டால்? சாதாரணமாக, உயிலில் கண்டவர் முன்னதாக இறந்தால் அந்தக் கொடை விழுந்துவிடும். ஆனால் பெற்ற பிள்ளைகள் விஷயத்தில் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் இரக்கம் காட்டுகிறது. இறந்த மகனுக்கோ மகளுக்கோ சந்ததி இருந்தால், உயிலில் வேறு கருத்து தெரியாத பட்சத்தில், அந்தக் கொடை விழுவதில்லை. 109-ஆவது பிரிவு அது.

மைனர் குழந்தைகள் விஷயத்திலும் இதே சூட்சுமம்தான். பேரனுக்கு ஒரு மனையை உயில் எழுதுகிறார் பாட்டி. "இதை என் பேரனுக்குக் கொடுக்கிறேன்; பதினெட்டு வயதானதும் அவன் வசம் ஒப்படைக்க வேண்டியது" என்று எழுதினால் உரிமை பாட்டி இறந்த அன்றே சேர்ந்துவிட்டது; ஒப்படைப்பதுதான் தள்ளிப் போகிறது. "என் பேரன் பதினெட்டு வயதை அடைந்தால் அவனுக்குச் சேர வேண்டியது" என்று எழுதினாலோ, அது தொங்கும் உரிமை. பதினேழு வயதில் ஏதாவது நேர்ந்துவிட்டால் அவனைப் பெற்றவளுக்குக் கூட அந்த மனை வராது. இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. வயது வரும் வரை அந்தச் சொத்தின் வருமானத்தை அந்தக் குழந்தைக்கே செலவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தால், சட்டம் அதைச் சேர்ந்துவிட்ட உரிமையாகவே பாவிக்கும்.

சரி, பாட்டியின் நிலைமை என்ன? ஜீவிய காலம் வரை அனுபவிக்கும் உரிமை என்றால் எவ்வளவு தூரம்? பண்ருட்டிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு எளிதாகப் புரியும். தோட்டத்துப் பலாப்பழம் பாட்டிக்கு. முந்திரிக் கொட்டை பாட்டிக்கு. வீட்டு வாடகை பாட்டிக்கு. ஆனால் மரத்தை வெட்டித் தோட்டத்தை மொட்டையடிக்கப் பாட்டிக்கு அதிகாரம் இல்லை. பாட்டி நிலத்தை விற்றாலும், வாங்கினவருக்குப் பாட்டியின் ஆயுள் உள்ள மட்டும்தான் உரிமை. பட்டா பாட்டி பேரில் இருக்கிறதே என்று நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. யாருக்கு எவ்வளவு உரிமை என்பதைச் சொல்வது மூலப் பத்திரம்.

இந்த இடத்தில் நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமத்துக் குடும்பங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சுரங்கத்துக்காக அங்கே பல கட்டங்களில் நில ஆர்ஜிதம் நடந்திருக்கிறது. பாட்டி ஆயுள் வரை அனுபவிக்க வேண்டிய நிலம் ஆர்ஜிதமாகி, நிலம் பணமாக மாறிவிட்டால், அந்த நஷ்ட ஈடு யாருக்கு? முழுவதும் பாட்டிக்கா? பின்னால் வர வேண்டிய பெண்ணுக்கா?

சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்தின் 32-ஆவது பிரிவும், 2014 ஜனவரி முதல் அமலில் உள்ள 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 78-ஆவது பிரிவும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. விற்க அதிகாரம் இல்லாதவருடைய நிலத்துக்கான பணம் டெபாசிட் செய்யப்பட்டால், அந்தப் பணத்தில் வேறு நிலம் வாங்கி, பழைய நிபந்தனைகளோடேயே வைக்கலாம். உடனே வாங்க முடியாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட கடன் பத்திரங்களில் முதலீடு செய்யலாம். வட்டி, நிலத்தை அனுபவிக்க வேண்டியவருக்கு. முதல் அப்படியே இருக்கும். பழம் பாட்டிக்கு, மரம் பேத்திக்கு என்ற அதே தர்மம்தான்; பலா மரத்துக்குப் பதில் பணம், அவ்வளவே.

ஆனால் சட்டம் தானாக வீடு தேடி வராது. அதிகாரிகள் கையில் இருப்பது பட்டா. அதில் பெண்ணின் பெயர் இராது. தனக்கும் உரிமை சேர்ந்திருக்கிறது என்று விசாரணையின்போது எழுத்து மூலமாகச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. நஷ்ட ஈட்டில் உரிமை கோரும் எல்லோருமே இந்தச் சட்டங்களில் சம்பந்தப்பட்டவர்கள்தான். பணம் பட்டுவாடா ஆகி, பிள்ளை அதை வாங்கி வேறு எதிலோ போட்ட பிறகு வழக்காடுவது, பால் சிந்திய பிறகு பாத்திரத்தைக் கழுவுவது போலத்தான்.

"நான் ஒரு படி மேலே போய், இன்னும் பிறக்காத கொள்ளுப் பேரனுக்கே எழுதி வைத்துவிடுகிறேன்" என்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்கத்தாவில் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். பிரசன்ன குமார் தாகூர் என்ற பெரும் பணக்காரர். ரவீந்திரநாத தாகூரின் வம்சத்தில் இன்னொரு கிளை. அவருடைய ஒரே மகன் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்துவிட்டார். தகப்பனாருக்குக் கோபம். மகனுக்கு ஒன்றும் கிடையாது என்று உயில் எழுதினார். சொத்தை முதலில் உறவினர் ஜதீந்திர மோகன் ஆயுள் வரை அனுபவிக்க வேண்டும், பிறகு அவருக்குப் பிறக்கப் போகும் ஆண் வாரிசுகள், பிறகு அவர்களின் வாரிசுகள் என்று தலைமுறை தலைமுறையாக அடுக்கிக்கொண்டே போனார்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1872-ல் தீர்ப்பு வந்தது. ஜதீந்திர மோகனின் ஆயுள் உரிமை செல்லும். பிறக்காதவர்களுக்கு எழுதியது செல்லாது என்றார்கள். அப்படியானால் அதற்குப் பின் சொத்து யாருக்கு? சட்டப்படி வாரிசுக்கு. வாரிசு யார்? ஒன்றும் கிடையாது என்று ஒதுக்கப்பட்ட அதே மகன்!

அந்தக் காலத்து இந்து தர்மப்படி, பிறக்காதவருக்குக் கொடுப்பது கூடாது என்பது விதி. சென்னை மாகாணத்தில் 1914-லும், மற்றப் பகுதிகளில் 1916-லும் சட்டம் வந்து இதைத் தளர்த்தியது. இப்போது பிறக்காத பேரனுக்கும் எழுதலாம். ஆனால் இடையில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு அனுபவ உரிமை கொடுத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். பேரனுக்குக் கொடுப்பது முழு உரிமையாக இருக்க வேண்டும். "அவனும் ஆயுள் வரைதான், பிறகு அவன் மகன்" என்று சங்கிலி போட முடியாது. குழந்தை பிறந்த அன்றே, வேறு விதமாக எழுதியிராவிட்டால், உரிமை சேர்ந்துவிடும். முதல் அழுகைச் சத்தத்தோடு அவன் சொத்துக்காரன்!

இதுவரை சொன்னது இரண்டு வகை உரிமை. இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது வெறும் எதிர்பார்ப்பு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு; பத்திரம் எதுவும் எழுதவில்லை; அவர் நல்ல திடகாத்திரமாக இருக்கிறார். "அப்பாவுக்குப் பிறகு எனக்குப் பங்கு வரும்" என்று பெண் நினைப்பது உரிமையே அல்ல. நாளைக்கு அவர் விற்கலாம், யாருக்காவது எழுதி வைக்கலாம். இந்த எதிர்பார்ப்பை யாருக்கும் விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது.

அப்படியானால், "கல்யாணத்துக்குச் செலவு செய்தாயிற்று, இந்த விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடு" என்று அண்ணன் நீட்டுகிற காகிதத்தில் தைரியமாகக் கையெழுத்துப் போடலாமா? இல்லாத உரிமையை விட்டுக் கொடுப்பதில் என்ன நஷ்டம்? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லிற்று? தகப்பனார் உயிரோடிருக்கும்போதே, 1975-ல், ஒரு மகன் பணம் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். வெறும் எதிர்பார்ப்பை மாற்றிக் கொடுக்க முடியாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் பிறகு வந்து பங்கு கேட்க முடியாது. அவர் வழியாக உரிமை கேட்கும் குழந்தைகளும் கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு கையெழுத்து அடுத்த தலைமுறையின் கையையும் கட்டிவிட்டது, பாருங்கள். பூர்வீகச் சொத்தோ, பத்திரப்படி ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சொத்தோ ஆனால் கேட்கவே வேண்டாம். அங்கே நீங்கள் விட்டுக் கொடுப்பது எதிர்பார்ப்பு அல்ல. கையில் உள்ள ஆஸ்தி.

கணவர் உயிலில் "என் மனைவி ஆயுள் வரை மட்டும்" என்று எழுதியிருந்தால் அந்த மனைவியின் கதி என்ன என்று கேட்பீர்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, இந்துப் பெண் கையில் உள்ள சொத்து அவளுக்கு முழுச் சொந்தம் என்று பொதுவாகச் சொன்னது. அதே பிரிவின் இரண்டாம் பகுதியோ, உயிலிலோ பத்திரத்திலோ கட்டுப்பாட்டோடு கொடுத்திருந்தால் கட்டுப்பாடு நிற்கும் என்கிறது. ஜீவனாம்சத்துக்காக, ஏற்கெனவே இருந்த உரிமைக்கு ஈடாகக் கொடுத்ததானால் கட்டுப்பாடு போய் முழுச் சொந்தமாகிவிடும் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் சொந்தச் சொத்தில் மனைவிக்கு ஆயுள் உரிமை மட்டும் கொடுத்த ஓர் உயிலை 2022-ல் அதே நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. இந்தத் தீர்ப்புகளிடையே உள்ள முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் விஷயத்தைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இதில் அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். பத்திரத்தோடு வக்கீலைப் பாருங்கள். முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் தனிச் சட்டத்தில் ஹிபாவுக்கும் உயிலுக்கும் வேறு விதிகள் உண்டு. மேலே சொன்னதை அப்படியே பொருத்திக்கொள்ளக் கூடாது.

இனி, வீட்டில் செய்ய வேண்டியவை. பத்திரம் எழுதும் நாள் வந்தால், குழந்தைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். "அச்சமயம் ஜீவித்திருக்கும்" என்ற வார்த்தை நகலில் இருந்தால், "இது எதற்கு?" என்று கேளுங்கள். வேண்டுமென்றே போட்டதானால் இருக்கட்டும்; பழக்கத்தில் வந்ததானால் அடிக்கச் சொல்லுங்கள். "இவர்களில் யாராவது முன்னதாகக் காலமானால் அவரது பாகத்தை அவரது மக்கள் அடைய வேண்டியது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதி வழக்குகள் பிறக்கவே மாட்டா. மைனருக்கு எழுதும்போது கொடுப்பதை முதலில் எழுதி, ஒப்படைக்கும் வயதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். உயிலானால் இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். எல்லாவற்றையும் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள். உங்கள் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்த் தீர்ப்பாயத்தில் முறையிட வழி இருக்கிறது.

ஏற்கெனவே பத்திரம் எழுதி பீரோவில் வைத்திருப்பவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்துப் பிரித்து வாசியுங்கள். கஷ்டமான பாஷைதான். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்றெல்லாம் இருக்கும், பயப்பட வேண்டாம். "பிறகு" என்ற சொல் எங்கே வருகிறது, "ஆனால்", "இருந்தால்", "ஜீவித்திருக்கும்" என்பவை எங்கே வருகின்றன என்று மட்டும் பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் மேலேயே குறித்துவிடாதீர்கள்! எழுதியவர் உயிரோடிருந்து, எழுதியது உயிலாகவும் இருந்தால், திருத்தி எழுத இன்னும் நேரம் இருக்கிறது.